சாவர்னேக் காடு: டிக்கெட் இல்லை, டீ இல்லை, ஆயிரம் வருட மரம் உண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் இருக்கும் சாவர்னேக் காடு எல்லோருக்குமான இடம் இல்லை. நுழைவாயில், டிக்கெட், நினைவுப்பொருள் கடை, பிள்ளைகளுக்கு ஏறி விளையாட மர வீடு, இங்கே நின்று படம் எடுங்கள் என்று சொல்லும் பலகை, எதுவும் கிடையாது. மார்ல்பரோ ஊருக்குத் தென்கிழக்கே கிட்டத்தட்ட 4,500 ஏக்கர் காடு சும்மா இருக்கிறது, போய் நடக்க வேண்டியதுதான். எனக்கு அதனால்தான் பிடித்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன், குறைந்த அந்த ஒன்று எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே இருக்கும் நம் ஆட்கள் ஊரிலிருந்து யாராவது வந்தால் அழைத்துப் போகும் இடங்களுக்கு ஒரு நிரந்தரப் பட்டியல் இருக்கிறது: லண்டன் சுற்றி முடித்ததும் ஸ்டோன்ஹெஞ்ச், அப்புறம் காட்ஸ்வோல்ட்ஸ், லீவு நீளமாக இருந்தால் லேக் டிஸ்ட்ரிக்ட். எல்லாம் நல்ல இடங்கள்தான், ஆனால் சனிக்கிழமை அங்கே கார் நிறுத்த இடம் தேடி அலைவதில் பாதி நாள் போய்விடும். ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போகிறவர்களில் சிலர் எம்4 நெடுஞ்சாலையில் 15ஆம் சந்திப்பில் இறங்கி மார்ல்பரோ வழியாக இந்தக் காட்டின் ஓரத்தை உரசிக்கொண்டுதான் போகிறார்கள், ஆனால் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. அக்டோபர் கடைசியில் மனைவியின் தம்பி வந்திருந்தபோது அவனை இங்கே இழுத்துக்கொண்டு போனேன். இலை நிறம் மாறும் நேரம், வார இறுதி, அப்படியிருந்தும் காட்டுக்குள் நாங்கள் பார்த்தது நாயோடு நடந்த சிலரையும் குதிரையில் வந்த ஒரு பெண்ணையும்தான்.

காரில் போகிறவர்கள் மார்ல்பரோவிலிருந்து தெற்கே ஏ346 சாலையில் கொஞ்ச தூரம் வந்தால் போஸ்டர்ன் ஹில் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு நடக்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் ரயில்தான். லண்டன் பேடிங்டனிலிருந்து பெட்வின் நிலையம் வரை ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், சில வண்டிகள் நேராகப் போகும், சிலவற்றுக்கு நியூபரியில் மாற வேண்டும். நிலையத்தை விட்டு வெளியே வந்த சில நிமிடத்தில் கென்னட் அண்ட் ஏவன் கால்வாய் வந்துவிடும். அதன் கரைப் பாதையைப் பிடித்து மேற்கே நடந்தால் வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் ரயில் பாதை, இந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம். குறுகலான நீளப் படகுகளில் குடியிருப்பவர்கள் கூரையில் விறகும் சைக்கிளும் அடுக்கி வைத்திருப்பார்கள், காலை வணக்கம் சொன்னால் பதிலுக்குச் சொல்வார்கள், அதற்கு மேல் பேச்சு கொடுக்க மாட்டார்கள், அதுவும் நல்லதுதான்.

வழியில் கிராஃப்டன் நீரேற்று நிலையம் வருகிறது, செங்கல் புகைபோக்கி தூரத்திலிருந்தே தெரியும். கால்வாயின் மிக உயர்ந்த பகுதி இங்கேதான். ஒவ்வொரு படகும் மேட்டைத் தாண்டிப் போகும்போது மதகுகளைத் திறப்பதால் தண்ணீர் இரண்டு பக்கமும் கீழே இறங்கிவிடும், மேலே திரும்ப வராது, யாராவது ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக 1812இல் வைத்த போல்ட்டன் அண்ட் வாட் நீராவி எஞ்சின் அதே கட்டடத்தில் அதே இடத்தில் இன்னும் இருக்கிறது, அதோடு இன்னும் ஓடுகிறது. தினசரி வேலையை இப்போது மின்சார மோட்டார் பார்த்துக்கொள்கிறது, வருடத்தில் சில வார இறுதிகளில் மட்டும் கொதிகலனுக்கு நிலக்கரி போட்டு பழையதை ஓட்டிக் காட்டுவார்கள். தேதி பார்த்துப் போனால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும், நாங்கள் போன அன்று ஓடவில்லை.

இன்னும் ஒன்றிரண்டு மைல் போனால் கால்வாய் ஒரு குகைக்குள் நுழைந்து மறையும். புரூஸ் டனல், 459 மீட்டர். மலையா என்றால் மலை இல்லை, ஒரு சின்ன மேடு, ஆழமாக வெட்டினாலே போதும். ஆனால் நிலத்தின் சொந்தக்காரரான எய்ல்ஸ்பரி பிரபு தன் நிலத்தின் நடுவே அப்படி ஒரு பள்ளம் விழுவதை விரும்பவில்லை, அதனால் கீழே குடைந்து போக வேண்டியதாயிற்று. உள்ளே நடக்கக் கரை கிடையாது. அந்தக் காலத்தில் குதிரையை அவிழ்த்து மேட்டின் மேல் ஓட்டிப் போவார்களாம், படகில் இருப்பவர்கள் சுவரில் பதித்த சங்கிலியைப் பிடித்து இழுத்து இழுத்து இருட்டில் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். நீங்களும் குதிரை போன வழியில்தான் போக வேண்டும்.

இந்தப் பிரபு குடும்பத்தின் பிடிவாதத்தை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள், காடு மிஞ்சியிருப்பதற்கும் இது ஒரு காரணம். கி.பி. 934இல் எழுதிய சாசனம் ஒன்றிலேயே இந்தக் காட்டின் பெயர் வருகிறது. நார்மன் காலத்தில் அரசனின் வேட்டைக்காடாகி, பரம்பரைக் காவலர் குடும்பத்தின் கையில் வந்து, அப்பன் மகன் மகள் பேரன் என்று கைமாறியதே தவிர ஒரு முறைகூட விற்கப்படவில்லை. இடையில் 15ஆம் நூற்றாண்டில் காவல் சீமோர் குடும்பத்துக்கு வந்தது, எட்டாம் ஹென்றியின் மூன்றாவது மனைவி ஜேன் சீமோர் இந்தக் குடும்பத்துப் பெண். 1535இல் ராஜா பக்கத்தில் உள்ள இவர்களின் வுல்ஃப் ஹால் வீட்டில் வந்து தங்கினார். அடுத்த வருடம் மே மாதம் ஆன் பொலினின் தலை போய் பதினோராம் நாள் ஜேன் ராணி. பெட்வின் ஊர் தேவாலயத்தில் ஜேனின் அப்பா சர் ஜான் சீமோரின் கல்லறைச் சிலை இருக்கிறது, ரயிலுக்கு நேரம் இருந்தால் எட்டிப் பார்க்கலாம். காட்டின் தெற்கே உள்ள பெரிய மாளிகையான டாட்டன்ஹாம் ஹவுஸ் 2014இல் விலைபோய்விட்டது, காடு இன்னும் குடும்பச் சொத்துதான். 1939இலிருந்து மரம் வளர்க்கும் பொறுப்பு மட்டும் அரசு வனத்துறையிடம், குத்தகை 999 வருடத்துக்கு.

குகை மேட்டிலிருந்து வடக்கே திரும்பி டர்லி என்ற சிற்றூரைத் தாண்டினால் கிராண்ட் அவென்யூ ஆரம்பிக்கிறது. இணையத்தில் சாவர்னேக் என்று தேடினால் முதலில் வரும் படம் இதுதான். இரண்டு பக்கமும் பீச் மரங்கள், நடுவில் நூல் பிடித்த மாதிரி நேரான சாலை, ஏறக்குறைய நாலு மைல். கேப்பபிலிட்டி பிரவுன் என்ற புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அமைப்பு. தனியார் சாலை, ஆனால் வருடத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் யாரும் போகலாம், அந்த ஒரு நாள் மூடுவதே இது பொதுச்சாலை ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

என் கருத்து, அவென்யூவை ரொம்பத்தான் தூக்கி வைத்திருக்கிறார்கள். முதல் கால் மணி நேரம் அசந்துபோவீர்கள், செம்பு நிற இலை தலைக்கு மேலும் காலுக்குக் கீழும், நடுவில் சாம்பல் நிற வழுவழுப்பான அடிமரங்கள். அப்புறம் அதே காட்சிதான். நேராகப் போகிற சாலையில் அடுத்து என்ன வரும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. போதாக்குறைக்குக் கார்கள் வேறு, சாலை முழுக்கக் குழி, ஒவ்வொரு கார் போகும்போதும் சேறு தெறிக்கிறது. மச்சினன் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அத்தான், இங்க டீ எங்க கிடைக்கும்?”

“மார்ல்பரோவுல.”

“அது இன்னும் எவ்வளவு தூரம்?”

“பிளாஸ்க்ல இருக்கு, பேசாம நட.”

அவென்யூவின் நடுவில் எட்டுப் பாதைகள் கூடும் வட்டம் ஒன்று வருகிறது, பெயரே எய்ட் வாக்ஸ். இங்கே அவென்யூவை விட்டுவிடுங்கள். பக்கப் பாதையில் ஏதாவது ஒன்றில் இறங்கிப் போனால்தான் வந்த வேலை ஆரம்பிக்கிறது, ஏனென்றால் இந்தக் காட்டின் சொத்து பீச் இல்லை, ஓக். பிரவுன் வந்து கோடு போடுவதற்குப் பல நூறு வருடம் முன்பே இங்கே இருந்தவை. நேர்கோட்டில் இல்லை, வரிசையில் இல்லை, இளமரக் கூட்டத்துக்குள்ளும் பெரணிப் புதருக்குள்ளும் திடீரென்று ஒன்று நிற்கும். கதீட்ரல் ஓக், ஸ்பைடர் ஓக், கிங் ஆஃப் லிம்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைத் தேடி அலைய வேண்டாம், பெயர் இல்லாததும் அதே அளவு நன்றாக இருக்கிறது.

நாங்கள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தது அப்படிப் பெயர் தெரியாத ஒன்றின் அடியில். உயரம் பெரிதாக ஒன்றும் இல்லை, அகலம்தான் பயமுறுத்துகிறது, இரண்டு பேர் கைகோத்துப் பிடித்தும் பாதிச் சுற்றுகூட வரவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே ஒரே இடத்திலிருந்து ஏழெட்டுக் கிளை கிளம்புகிறது, அது இயற்கையாக வந்ததில்லை. அந்தக் காலத்தில் விறகுக்கும் தீவனத்துக்கும் மரத்தை அடியோடு வெட்டாமல் அந்த உயரத்தில் தலையை மட்டும் வெட்டுவார்கள். கீழே வெட்டினால் புதுத் துளிரை மாடும் மானும் தின்றுவிடும், மேலே வெட்டினால் எட்டாது. சில வருடம் கழித்து மறுபடி வெட்டுவார்கள். இப்படித் தலை வெட்டிய மரம்தான் அதிக நாள் வாழ்கிறது, ஏனென்றால் காற்றுக்குச் சாயும் அளவுக்கு அது உயர்வதே இல்லை.

ஒரு பக்கம் பட்டை பிளந்து உள்ளே ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. தலையை நீட்டிப் பார்த்தால் ஈர மண் வாசனை, காளான் வாசனை, விரல் வைத்த இடத்தில் பழுப்பாக உதிரும் தூள். மச்சினன் இது செத்துப்போன மரம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டான். மேலே பார்த்தால் பச்சையும் மஞ்சளுமாக இலை, காய் கொட்டிக்கொண்டிருக்கிறது, மரத்துக்குச் சாகிற எண்ணமே இல்லை. ஓக்கின் நடுவில் இருக்கும் வைரம் ஏற்கெனவே உயிரற்ற கட்டைதான். தண்ணீர் ஏறுவதும் உணவு இறங்குவதும் பட்டையை ஒட்டிய வெளி வளையத்தில். உள்ளே இருப்பதைக் காளான் நூற்றாண்டுக் கணக்கில் நிதானமாகத் தின்றுகொண்டிருக்கும், மரம் பாட்டுக்கு வெளிச்சுற்றில் வாழ்ந்துகொண்டிருக்கும். அதில் ஒரு காளான், மாட்டிறைச்சித் துண்டு மாதிரியே சிவப்பாக இருப்பது, கட்டைக்கு ஆழ்ந்த பழுப்பு நிறம் ஏற்றிவிடும், அந்தக் கட்டைக்கு மரச்சாமான் செய்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். வயதாக ஆக மரம் தன் உச்சியைக் கைவிட்டுவிட்டுக் கீழே புதுக் கிளை விடுகிறது, மேலே பட்டுப்போன கிளைகள் மான் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாலும் கீழ்ப்பாதி செழிப்பாக இருக்கும். சுற்றிலும் நெருக்கி வளர்ந்த இளமரங்களை வெட்டி இந்தக் கிழங்களுக்கு வெளிச்சம் விடும் வேலையும் நடக்கிறது, சில இடங்களில் புது வெட்டு அடிக்கட்டைகளைப் பார்த்தோம்.

பட்டையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். விரல் உள்ளே போகும் ஆழத்துக்கு வெடிப்பு, அதன் மேட்டில் சாம்பல் பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, கறுப்புப் புள்ளியாக ஒன்று என்று ஒட்டிக்கொண்டிருக்கும் மரப்பாசிகள். இந்தப் பாசிகளுக்காகவும் காளான்களுக்காகவும்தான் காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறார்கள். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இந்தக் குடும்பம்தான். அதைச் சொன்னதும் அவன் மோந்து பார்த்தான், ஒரு வாசனையும் இல்லை. தயவுசெய்து யாரும் பிய்த்துக்கொண்டு வராதீர்கள்.

உட்கார்ந்திருந்தபோது மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து கரகரவென்று ஓர் உறுமல், நிற்கும், மறுபடி வரும். அக்டோபரில் ஃபாலோ மான் கிடாக்கள் பெண்மானுக்குப் போட்டி போடும் காலம், அந்தக் குரல்தான். மானைப் பார்க்க முடியவில்லை. அந்த மாதத்தில் ரொம்பப் பக்கத்தில் போகாமல் இருப்பது நல்லது.

இனி அந்த ஒரு நட்சத்திரம். காட்டின் மிகப் பிரபலமான மரம் பிக் பெல்லி ஓக், வயது ஆயிரத்துக்கு மேல் இருக்கலாம் என்கிறார்கள், சுற்றளவு சுமார் 11 மீட்டர். ராணி எலிசபெத்தின் பொன்விழாவுக்காக 2002இல் பிரிட்டனின் 50 பெரிய மரங்கள் என்று தேர்ந்தெடுத்ததில் இதுவும் ஒன்று. நள்ளிரவில் ஆடையில்லாமல் இதைச் சுற்றிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஆடினால் சாத்தான் வருவான் என்று ஒரு கதை வேறு. ஆனால் இது நிற்பது ஏ346 சாலையின் ஓரத்தில், ஓரம் என்றால் வெள்ளைக் கோட்டை ஒட்டி. லாரி ஒவ்வொன்றும் போகும்போது மரத்தை உரசிவிட்டதோ என்று பதறுகிறது. பிளந்துவிடாமல் இருக்க அடிமரத்தில் இரும்புப் பட்டை கட்டியிருக்கிறார்கள். நடைபாதை கிடையாது, பிள்ளைகளோடு போனால் கையை விடாதீர்கள். ஆடுவதற்கு நள்ளிரவில் ஆள் வந்தால் சாத்தானுக்கு முன்னால் லாரி வந்துவிடும். சாலைச் சத்தம் காட்டின் மேற்குப் பகுதி முழுக்கக் கேட்கிறது, அமைதி வேண்டும் என்று வருகிறவர்கள் சாலைக்குக் கிழக்கே நன்றாக உள்ளே போய்விட வேண்டும். மரத்தின் மேல் தப்பு இல்லை, மரம்தான் முதலில் வந்தது.

காட்டுக்குள் ஒரு பெரிய தூணும் இருக்கிறது. 1781இல் எய்ல்ஸ்பரி பிரபு, தனக்குச் சொத்து எழுதிவைத்த மாமாவுக்கு நன்றியாக நிறுத்தியது. பிறகு 1789இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி தெளிந்ததற்கும் அதே தூணில் நன்றி செதுக்கிவிட்டார்கள். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனால் பாருங்கள், இதற்காகத் தனியாக நடக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் இந்த மரங்களுக்கு அடியில்தான் ராணுவம் வெடிமருந்தை மறைத்து அடுக்கியிருந்தது. போர் முடிந்தபின் 1946 ஜனவரியில் அதை ரயில் பெட்டிகளில் ஏற்றும்போது வெடித்து எட்டு வீரர்கள் இறந்தார்கள். இப்போது அங்கே நடக்கும்போது அப்படி எதுவும் தோன்றாது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காட்டுக்குள் பாதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், வழிகாட்டிப் பலகைகளை நம்ப முடியாது, போன் சிக்னல் வரும் போகும். ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 157ஆம் எண் வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள், அட்டையிலேயே காட்டின் பெயர் இருக்கும். இலையுதிர் காலத்தில் சேறு கணுக்காலுக்கு வரும், ஸ்னீக்கர் தாங்காது. கோடையில் பெரணிக்குள் புகுந்தால் உண்ணி ஏறும், லைம் நோய் அதிலிருந்துதான் வருகிறது, வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்பக்கம் பாருங்கள். பழைய மரங்களின் அடியில் காற்று நாளில் உட்காராதீர்கள், கிளை சொல்லிவிட்டு விழாது. கழிவறையை ரயிலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், அதற்கப்புறம் மாலை நாலரை ஐந்துக்கெல்லாம் இருட்டு, பெட்வினிலிருந்து மார்ல்பரோ வரை முழு நடை பதினோரு மைல் அளவில் வரும், காலை வண்டியைப் பிடித்தால்தான் சரிப்படும்.

சாப்பாடு பெரிய பிரச்சினை. கால்வாய்ப் பக்கம் ஒரு பப்பில் இரண்டு மணிக்கு மேல் போய் நின்றோம், சமையலறை மூடியாகிவிட்டது, வேண்டுமானால் சிப்ஸ் பாக்கெட் தருகிறேன் என்றார்கள். அந்தக் கிராமங்களில் இது சகஜம். எலுமிச்சை சாதமோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொண்டு போய்விடுங்கள், நாங்கள் கட்டிப் போயிருந்ததால் பிழைத்தோம், சிப்ஸையும் வாங்கிக்கொண்டோம். மார்ல்பரோ போய்ச் சேர்ந்தால் டீக்குப் பஞ்சமில்லை, அந்த ஊரின் கடைத்தெரு இங்கிலாந்திலேயே மிக அகலமான தெருக்களில் ஒன்று, புதனும் சனியும் சந்தை. விலை கொஞ்சம் கையைக் கடிக்கும்.

இன்னொரு நாள் கிடைத்தால் சுற்றுவட்டாரத்தில் இரண்டு இடம். ஒன்று, கிராஃப்டனுக்குப் பக்கத்தில் வில்டன் காற்றாலை, 1821இல் கட்டியது. கால்வாய்க்குத் தண்ணீர் போய்விட்டதால் இந்தப் பக்கத்து நீராலைகள் நின்றுபோயின, மாவரைக்கக் காற்றை நம்ப வேண்டியதாயிற்று. இன்னொன்று, மார்ல்பரோவுக்குத் தென்மேற்கே வெஸ்ட் வுட்ஸ். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில் தரை தெரியாமல் நீலமணிப் பூ பூத்திருக்கும் காடு, அந்தச் சமயத்தில் மட்டும் கூட்டம் இருக்கும். ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய சார்சன் கற்களில் மிஞ்சியிருக்கும் 52இல் 50 அந்த வட்டாரத்திலிருந்து போனவை என்று 2020இல் கல்லின் ரசாயனத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள், சுமார் 25 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஸ்டோன்ஹெஞ்சில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதற்குக் காசு கொடுத்தவர்கள், அதே ரகக் கல் மேல் இங்கே சும்மா உட்காரலாம்.

திரும்பி வர மார்ல்பரோவில் ரயில் நிலையம் கிடையாது. பெட்வினுக்கு டாக்சி பிடிக்கலாம் என்று நினைத்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நாங்கள் கூப்பிட்ட இடத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். சுவிண்டனுக்குப் பேருந்து இருக்கிறது, அங்கிருந்து பேடிங்டன் ஒரு மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைசிப் பேருந்து எப்போது என்று கிளம்புவதற்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.